கச்சான், கஜு, பீனட் பட்டர்: ஹட்டன் பக்கத்து ஆசிரியை ஒருவரின் எடை பற்றிய நிகழ்வு ஆய்வு

வந்தவரும் வந்த காரணமும்

ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் 43 வயது ஆசிரியை. கணவர் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். 16 வயதில் ஒரு மகன், 12 வயதில் ஒரு மகள். காலமெல்லாம் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற மாமியாரும் அதே வீட்டில்தான் இருக்கிறார். ஆசிரியையின் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

போஷாக்கு ஆலோசனைக்கு வந்து உட்கார்ந்ததும் அவர் சொன்னது: "மிஸ், எடை குறையணும்னுதான் நட்ஸ் சாப்பிட ஆரம்பிச்சேன். மூணு கிலோ கூடிப்போச்சு." கையிலிருந்த சுகவனிதையர் கிளினிக் அட்டையும் அதையே காட்டியது. ஐந்து மாதங்களுக்கு முன் 68.4 கிலோ, வந்த அன்று 71.8. உயரம் 155 செ.மீ. ஆகவே உடல் திணிவுச் சுட்டி 29.9. ஆசிய மக்களுக்கு 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும், 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்பது 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு வெளியிட்ட வரையறை. இடுப்புச் சுற்றளவு 93 செ.மீ.; நம் நாட்டுப் பெண்களுக்கு 80ஐத் தாண்டக்கூடாது. இரத்த அழுத்தம் 136/86. வெறும் வயிற்றில் எடுத்த குருதிச் சீனி 109 மி.கி. தைரொயிட் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. எடையைக் கூட்டக்கூடிய மருந்தும் எடுப்பதில்லை. தகப்பனுக்கு நீரிழிவு இருந்திருக்கிறது. இவருக்கு அது இன்னும் வரவில்லை, ஆனால் தூரத்திலும் இல்லை.

என்னிடம் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே அவர் நட்ஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். நிறுத்தியதால் எடை இறங்கவில்லை. பாடசாலை விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது பசி தாங்காமல் கடையில் ரோல்ஸோ மீன் பனிஸோ வாங்கிச் சாப்பிடத் தொடங்கியிருந்தார். "அப்ப நட்ஸ் நல்லதா கெட்டதா, ஒண்ணு சொல்லுங்க மிஸ்" என்பதுதான் அவருடைய கேள்வி. அந்தக் கேள்விக்கு அப்படியே பதில் சொல்ல நான் விரும்பவில்லை. எதற்குப் பதிலாக, எந்த வடிவத்தில், யாருடைய தட்டில் என்று கேட்டுப் பார்க்காமல் கச்சானுக்கு (நிலக்கடலைக்கு) நற்சான்றிதழும் கொடுக்க முடியாது, குற்றப்பத்திரிகையும் எழுத முடியாது.

ஒரு நாளைச் சாப்பாடு

விடியற்காலை ஐந்து மணிக்கு பால்மா போட்ட தேத்தண்ணி, இரண்டு கரண்டி சீனி. ஆறே காலுக்கு இரண்டு தேங்காய் ரொட்டி, கட்டசம்பல். பாடசாலை இடைவேளையில் ஒரு தேத்தண்ணி. இரண்டு மணிக்கு மேல் வீட்டில் சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, கருவாடோ முட்டையோ. நாலு மணிக்கு பிஸ்கட்டோடு தேத்தண்ணி. ராத்திரிக்கு மீண்டும் ரொட்டி அல்லது சோறு. மலைநாட்டில் இதைவிட வேறு மாதிரிச் சாப்பிடும் ஆசிரியர் வீடுகள் குறைவு. இடையில் குடிப்பதையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, சீனி மட்டும் பத்துக் கரண்டி. குளிருக்குச் சூடாக ஏதாவது கையில் இருக்க வேண்டும் என்பது இங்கு எல்லாருக்கும் உள்ள பழக்கம். சீனி உள்ளே போவது அந்தச் சூட்டோடு சேர்ந்துதான்.

இதன்மேல் ஐந்து மாதத்துக்கு முன் மூன்று விஷயங்கள் வந்து சேர்ந்தன. கட்டாரிலிருந்து லீவில் வந்த தங்கச்சி பெரிய பீனட் பட்டர் போத்தல் ஒன்றும், உப்புப் போட்ட கஜுவும் (முந்திரிப் பருப்பும்), பாதாமும் கொண்டுவந்திருந்தார். "அக்கா, அங்க டயட்ல இருக்கிறவங்க எல்லாரும் இதான் சாப்பிடுறாங்க." அன்றிலிருந்து இடைவேளைக்கு இரண்டு துண்டு பாணில் பீனட் பட்டர், நாலு மணிக்கு ஒரு பிடி கஜு, படுக்கப் போகுமுன் ஊறவைத்துத் தோலுரித்த பத்துப் பாதாம்.

நான் கேட்டது ஒன்றுதான்: இதற்காக எதை விட்டீர்கள்? கொஞ்சம் யோசித்தார். காலை ரொட்டி இரண்டும் அப்படியே. பிள்ளைகள் சாப்பிடுவதால் நாலு மணி பிஸ்கட்டும் அப்படியே. தேத்தண்ணிச் சீனியும் அப்படியே. எதுவுமே போகவில்லை, மூன்று புதிதாக வந்து உட்கார்ந்திருக்கின்றன.

தராசில் வைத்துப் பார்த்தது

"ஒரு கரண்டிதான் மிஸ்" என்று அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் கரண்டி என்பது வீட்டுக்கு வீடு வேறு. அதனால் அடுத்த முறை வரும்போது அந்தக் கரண்டியையும் போத்தலையும் கொஞ்சம் கஜுவையும் எடுத்துவரச் சொன்னேன். கொண்டுவந்தது கறி பரிமாறும் கரண்டி. வீட்டில் எடுப்பது போலவே எடுக்கச் சொன்னேன். போத்தலுக்குள் விட்டு, ஒரு திருப்புத் திருப்பி, வெளியே எடுத்தார். கரண்டியின் மேலே ஒரு மேடு, அடியில் வழிந்த ஒட்டு. சமையல் தராசில் 36 கிராம். விளிம்போடு மட்டமாக வழித்த மேசைக்கரண்டியில் நிற்பது ஏறத்தாழ 16 கிராம். லேபிள்காரர்கள் ஒரு பரிமாறல் என்று போடுவது இரண்டு மேசைக்கரண்டி, 32 கிராம். ஆக அவருடைய ஒரு கரண்டி லேபிளின் முழுப் பரிமாறலையும் தாண்டியிருந்தது.

அந்த 36 கிராமில் சுமார் 210 கலோரி. ஒரு பிடி கஜு தராசில் 44 கிராம் காட்டியது; அது சுமார் 240. பத்துப் பாதாமில் 70. பாண் துண்டுகளைச் சேர்க்காமலே 500ஐத் தாண்டிவிட்டது. அவருடைய முகம் மாறியதைப் பார்த்து உடனே சொன்னேன்: இந்தக் கணக்கை அப்படியே நாட்களால் பெருக்கினால் உங்களுக்கு மூன்றரை கிலோ போதாது, பத்துக் கிலோவுக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்பதில்தான் இந்த நிகழ்வின் பாதி விஷயம் இருக்கிறது.

போத்தலின் பின்பக்கத்தையும் சேர்ந்து வாசித்தோம். நிலக்கடலைக்கு அடுத்து சீனி, அதற்கடுத்து ஐதரசனேற்றிய தாவர எண்ணெய், பிறகு உப்பு. கடலையின் எண்ணெய் மேலே மிதக்காமல் கிறீம் போல நிற்பதற்காகச் சேர்ப்பது அந்த ஐதரசனேற்றிய எண்ணெய். சேர்மானப் பட்டியலில் எது கூடுதலோ அது முதலில் வரும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அன்றிலிருந்து கடையில் எதை எடுத்தாலும் திருப்பிப் பார்க்கிறார்.

கச்சானும் அரைத்த கச்சானும் ஒன்றா?

நூறு கிராம் கச்சானில் ஏறத்தாழ 567 கலோரி, 25 கிராம் புரதம், 49 கிராம் கொழுப்பு, எட்டு கிராமுக்கு மேல் நார்ச்சத்து. கொழுப்பில் பெரும்பங்கு நிரம்பாத வகை. எண்களை மட்டும் பார்த்தால் எடை குறைக்க நினைப்பவர் கச்சான் விற்கும் பக்கமே போகக்கூடாது. ஆனால் உடலுக்குள் போவது அந்த எண் முழுவதும் அல்ல.

கச்சானின் எண்ணெய் நுண்ணிய கலங்களுக்குள் அடைபட்டிருக்கிறது. அந்தக் கலங்களின் சுவரை நமது குடல் உடைப்பதில்லை, உடைப்பது பல். எவ்வளவு மென்றாலும் கணிசமான பகுதி உடையாமல் உள்ளே போய், உள்ளே இருக்கும் எண்ணெயோடு வெளியேறிவிடுகிறது. 1980இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த சிறிய ஆய்வு இதை நேரடியாக அளந்தது. முழு நிலக்கடலை சாப்பிட்டவர்களின் மலத்தில் உண்ட கொழுப்பில் 17.8 சதவீதம் வெளியேறியிருந்தது. பீனட் பட்டர் சாப்பிட்டபோது 7 சதவீதம். கடலை எண்ணெயாகவே கொடுத்தபோது 4.5 சதவீதம். ஒரே பயறு, மூன்று வடிவம், மூன்று கணக்கு.

பாதாமில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் ஆய்வாளர்கள் 2012இல் இதையே இன்னும் துல்லியமாகப் பார்த்தார்கள். 28 கிராம் பாதாமுக்கு லேபிள் கணக்கு 170 கலோரி அளவில் இருக்க, உடலுக்குக் கிடைத்தது 129 மட்டுமே. 2016இல் அதன் தொடர்ச்சியாக வறுத்த பாதாம், நறுக்கிய பாதாம், பாதாம் பட்டர் மூன்றையும் ஒப்பிட்டார்கள். வறுக்க, நறுக்கக் கிடைக்கும் கலோரி படிப்படியாகக் கூடியது. பட்டராக அரைத்ததும் லேபிளில் உள்ளது முழுவதும் கிடைத்தது. பல் செய்ய வேண்டிய வேலையை இயந்திரம் முடித்துக் கொடுத்துவிடுகிறது.

இதோடு இன்னொன்றும் நடக்கிறது. கச்சானிலுள்ள புரதமும் நாரும் கொழுப்பும் சேர்ந்து பசியை நேரம் தாழ்த்துவதால், அடுத்த வேளையில் நாம் அறியாமலே கொஞ்சம் குறைத்துச் சாப்பிடுகிறோம். ஆசிரியையிடம் கேட்டபோது, அந்த ஐந்து மாதத்தில் மத்தியானச் சோறு குறைந்திருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. பத்துக் கிலோ ஏறாததற்கு இவையெல்லாம் காரணம். ஆனால் இந்த ஈடு முழுதாக நிகழ்வதில்லை. மிச்சம்தான் தராசில் தெரிந்தது.

பெரிய ஆய்வுகளும் கச்சானின் பக்கம்தான் நிற்கின்றன. அமெரிக்காவில் 120,877 பேரின் எடை மாற்றத்தைப் பல வருடங்கள் பின்தொடர்ந்து 2011இல் வெளியான ஆய்வில், நட்ஸைக் கூட்டிக்கொண்டவர்களுக்கு எடை ஏற்றம் குறைவாக இருந்தது. உருளைக்கிழங்கு சிப்ஸைக் கூட்டிக்கொண்டவர்களுக்கு அதிகம். ஸ்பெயினில் ஐந்து வருடத்துக்குக் கிட்டத்தட்ட நடந்த பெரிய ஆய்வில், கலோரிக் கட்டுப்பாடு எதுவும் சொல்லாமல் நாளுக்கு 30 கிராம் நட்ஸ் கொடுத்த பிரிவினர் பருக்கவில்லை. அதன் முடிவுகள் 2013இல் வந்தன. ஆட்களைப் பிரிவுகளுக்கு ஒதுக்கிய முறையில் சிக்கல் இருந்ததால் 2018இல் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள், சாரம் மாறவில்லை. நான் நோயாளர்களுக்கு இந்த ஆய்வுகளைச் சொல்லும்போது ஒரு வரியை விடாமல் சேர்த்துச் சொல்வேன்: அது 30 கிராம், அதுவும் பெரும்பாலும் வேறொன்றின் இடத்தில் வந்த 30 கிராம். தங்கச்சி சொன்னது தவறில்லை. கட்டாரில் அவர் பார்த்தவர்கள் எதை விட்டுவிட்டு அதைச் சாப்பிட்டார்கள் என்பது அவருடைய கண்ணில் பட்டிருக்காது.

செய்த மாற்றங்கள்

நட்ஸை நிறுத்தச் சொல்லவில்லை. அவர் தானாக நிறுத்திப் பார்த்ததன் விளைவு ரோல்ஸ் கடையில் தெரிந்திருந்தது.

முதலில் நாலு மணி. மலையகத்தில் எடை ஏறும் நேரம் எது என்று கேட்டால் யோசிக்காமல் அந்த நேரத்தைச் சொல்வேன். மழை, பனி, சூடான தேத்தண்ணி, டின்னில் பிஸ்கட், பொரித்தது ஏதாவது. பிஸ்கட்டின் இடத்தில் வறுத்த, உப்பில்லாத, மேல்தோல் நீக்காத கச்சான் என்று முடிவு செய்தோம். அளவுக்கு உள்ளங்கை: விரல்களை மடக்காமல், குவிக்காமல் கையில் நிற்கும் அளவு. அவருடைய கையில் அது 31 கிராம் வந்தது. பிடித்து அள்ளினால் 44, விரித்து ஏந்தினால் 31. கை ஒன்றுதான். தேத்தண்ணி பிளேன்டீ ஆனது, சீனி ஒரு கரண்டியாகி, பிறகு ஒரு துண்டு இஞ்சியோடு அரைக் கரண்டியானது.

முடிந்த நாட்களில் கோதோடு அவித்த அல்லது வறுத்த கச்சான் வாங்கச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் கடதாசிச் சுருளில் கிடைப்பதுதான். ஒவ்வொன்றாக உடைக்க வேண்டியிருப்பதால் கை தாமதிக்கிறது. முன்னால் குவியும் கோது எவ்வளவு தின்றோம் என்று கண்ணுக்குச் சொல்கிறது. கோதோடு பிஸ்தா கொடுத்தவர்கள் உரித்த பிஸ்தா கொடுத்தவர்களைவிடக் குறைவாகச் சாப்பிட்டதாக 2011இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வும் இருக்கிறது. ஆனால் அதைப் படிக்காமலே கோயில் திருவிழாவில் கச்சான் உடைத்தபடி கதைத்துக்கொண்டிருக்கும் யாருக்கும் இது தெரியும்.

இரண்டாவது, பீனட் பட்டர். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு ஓர் இடம் கொடுத்தோம். காலையில் இரண்டு ரொட்டியில் ஒன்று குறைந்தது. இடைவேளைக்கு ஒரு துண்டு பாண், மட்டமாக வழித்த ஒரு மேசைக்கரண்டி பீனட் பட்டர், மேலே வெள்ளரிக்காய் அல்லது வாழைப்பழத் துண்டு. மாஜரீன் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் தேங்காய்ச் சம்பலுக்குப் பதிலாக கச்சான் துவையல்: வறுத்த கச்சான், காய்ந்த மிளகாய், உள்ளி, தேசிக்காய்ப் புளி, கொஞ்சம் தண்ணீர் விட்டு கரகரப்பாக அரைத்தது. இதை அவரே சொன்னார். அவருடைய அம்மா செய்வாராம். ரொட்டிக்கு அதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியவில்லை.

கட்டார் போத்தல் முடிந்ததும் வீட்டிலேயே அரைக்கக் கற்றுக்கொண்டார். மொனராகலைப் பக்கத்துக் கச்சான் அரைக் கிலோ. தாச்சியில் மெல்லிய தீயில் வறுத்து, ஆறவிட்டு, கிரைண்டரில் போட்டால் முதலில் தூளாகும். பிறகு ஜாரின் ஓரத்தில் ஒட்டிக் கட்டியாக நிற்கும். அந்த இடத்தில்தான் பலரும் பழுதாகிவிட்டது என்று நினைத்து எண்ணெய் ஊற்றுகிறார்கள். ஊற்ற வேண்டாம். நிறுத்தி, வழித்துவிட்டு, கிரைண்டர் சூடேறாமல் இடைவெளி விட்டு மறுபடி அரைத்தால் கச்சான் தன் எண்ணெயைத் தானே விடும். கட்டி இளகி, பளபளத்து, கரண்டியிலிருந்து வழியும். ஒரு சிட்டிகை உப்பு போதும். சீனி தேவையில்லை. மேல்தோலோடு அரைத்தால் நிறம் கறுக்கும், லேசான துவர்ப்பு வரும், நார் கூடும். கலோரியில் கடை பீனட் பட்டருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது என்பதையும் சொல்லிவிட்டேன். வீட்டில் செய்தது என்பதற்காகக் கரண்டி மேடு கட்டக்கூடாது.

கஜுவை நாலு மணியிலிருந்து எடுத்துவிட்டோம். உப்பும் மிளகாயும் போட்ட கஜு கை நிறுத்தாமல் போகும் பண்டம். இரத்த அழுத்தம் 136இல் நிற்பவருக்கு அந்த உப்பும் உதவாது. ஞாயிற்றுக்கிழமை பச்சைப்பட்டாணியோடு கஜு கறியாக, இறைச்சிக் கறிக்குப் பதிலாக வரட்டும் என்று வைத்தோம். பாதாம் தீர்ந்த பிறகு வாங்கவில்லை. பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் பாதாம் செய்யும் காரியத்தில் பெரும்பகுதியை நம் கச்சான் செய்கிறது. ஊறவைத்துத் தோலுரித்தால் எடை குறையும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை. உரித்து எறிவது நாரைத்தான்.

மலைநாட்டு ஈரம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மே மாதத்திலிருந்து தென்மேல் பருவமழை ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் நிற்காமல் பெய்யும். அந்த மாதங்களில் பொலித்தீன் பையில் கட்டிவைத்த கச்சான் நமுத்துப்போகும்; அதன் பிறகு பூஞ்சணம். கச்சானில் வளரும் சில பூஞ்சண வகைகள் அஃப்லடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகின்றன. 1960இல் இங்கிலாந்தில் பெருந்தொகையான வான்கோழிகள் செத்து, அவற்றுக்குப் போட்ட கடலைப் பிண்ணாக்கில் தேடியபோதுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. ஈரலைத் தாக்கும், நெடுநாள் உட்கொண்டால் ஈரல் புற்றுநோய்க்கு வழிவகுக்கும். வறுத்தால் போய்விடும் என்று நம்பியிருக்க முடியாது, வெப்பத்தைத் தாங்கும் நஞ்சு அது.

ஆகவே கொஞ்சமாக வாங்குவது, வாங்கியதும் வறுத்து ஆறவைத்து இறுக்கமான டின்னில் போடுவது, சுருங்கியதையும் நிறம் மாறியதையும் கசப்பதையும் எறிந்துவிடுவது. அரைப்பதற்கு முன் பொறுக்குவது இன்னும் முக்கியம். முழுதாகத் தின்னும்போது கெட்டது ஒன்று வந்தால் நாக்கு துப்பிவிடும்; அரைத்துவிட்டால் நாக்குக்குத் தெரியாது. ஆசிரியையின் வீட்டில் இந்த வேலையை மாமியார் எடுத்துக்கொண்டார். கொழுந்து பொறுக்கிய விரல்கள். சுளகில் பரப்பி அவர் பொறுக்குவதைப் பார்த்தால் நமக்கு வேலை இல்லை.

ஒரே போத்தல், மூன்று பேர்

மூன்றாவது சந்திப்புக்கு அவர் மகளையும் மாமியாரையும் கூட்டிவந்தார். மகளுக்கு 12 வயது. வயதுக்கு ஏற்ற உயரம் இல்லை, மெலிவு. அம்மா சாப்பாட்டைக் குறைக்கிறார் என்று மகளும் பீனட் பட்டரைத் தொடாமல் விட்டிருந்தாள். இதைக் கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது. 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வில் நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 சதவீதமானவர்கள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதிருக்க, தோட்டத்துறையில் அது 32 சதவீதம். தாயின் எடை கூடுதலாகவும் மகளின் வளர்ச்சி பின்தங்கியும் இருக்கும் வீடுகள் எங்களுக்குப் புதிதல்ல. தாய்க்கு எழுதிய திட்டம் முழு வீட்டுக்கும் சட்டமாகிவிட்டால், அதன் விலையை வளரும் பிள்ளை கொடுக்கும்.

மகளுக்குத் தனியாக எழுதிக்கொடுத்தேன்: காலை ரொட்டியில் இரண்டு கரண்டி, பாடசாலைக்கு ஒரு கச்சான் உருண்டை, முட்டை, பால். அவளுக்கு மேடு கட்டிய கரண்டி நல்லது. தாய்க்கு அளந்து கொடுக்க வேண்டிய அதே காரணத்துக்காகவே மகளுக்கு அள்ளிக் கொடுக்கலாம்: சின்ன அளவில் நிறையச் சக்தி, நிறையப் புரதம்.

மாமியாருக்கு 71 வயது. பொய்ப்பல். "கச்சான் கடிக்கேலாது அம்மா எனக்கு" என்றார். எடை 41 கிலோ. அரைத்த கச்சான் உண்மையில் யாருக்காக என்று கேட்டால் இவரைத்தான் காட்டுவேன். குரக்கன் கஞ்சியில் இரண்டு கரண்டி கலந்து குடிக்கத் தொடங்கினார். மருமகள் நாலு மணிக்கு முழுக் கச்சான் மெல்ல, பக்கத்தில் மாமியார் அரைத்ததைச் சாப்பிடுவது அந்த வீட்டுக்குச் சரியான ஏற்பாடு.

கச்சான் ஒவ்வாமை வீட்டில் யாருக்கும் இல்லை என்பதை முதலிலேயே கேட்டு உறுதிசெய்துகொண்டேன். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் வீடானால் முழுக் கச்சான் கொடுக்கக்கூடாது, தொண்டையில் அடைக்கும் என்பதையும் சொல்வது வழக்கம்.

தொடர்ந்து பார்த்தது

ஆறு வாரத்தில் 70.9 கிலோ. மூன்று மாதத்தில் 69.5. பிறகு நின்றது. தீபாவளி வாரத்தில் முக்கால் கிலோ கூடவும் செய்தது. மலையகத்தில் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடு இல்லை, அதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் தீபாவளி போன பிறகும் எடை இறங்காததால் மறுபடி ஒரு நாளைச் சாப்பாட்டை எழுதச் சொன்னேன். அப்போதுதான் ராத்திரி வெளியே வந்தது. தவணைப் பரீட்சை விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது பத்து மணிக்கு மேல் எழுந்து போய், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, நின்றபடியே போத்தலில் கரண்டி விட்டு இரண்டு வாய். "பாணில்லாம சும்மாதானே மிஸ்" என்று அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார். இப்படிச் சாப்பிடுவது வயிற்றில் விழுந்ததாகவே மூளைக்குத் தெரிவதில்லை.

திட்டுவதில் பயனில்லை. ஏன் பத்து மணிக்குப் பசி என்று பார்த்தோம். ராத்திரிச் சாப்பாடு ஏழுக்கு முன்பே முடிகிறது, அதில் புரதம் எதுவும் இல்லை. ராத்திரிக்கு ஒரு முட்டையோ கடலைச் சுண்டலோ சேர்த்தார். பீனட் பட்டரைப் போத்தலிலிருந்து நேராகத் தின்பதில்லை, வேண்டுமானால் சின்னக் கோப்பையில் போட்டு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று ஒரு விதி மட்டும் வைத்தோம். கோப்பை கழுவ வேண்டுமே என்ற அலுப்பில் பாதி நாள் எழுந்து போவதில்லை என்று பிறகு சொன்னார்.

ஆறாம் மாதம் 67.8 கிலோ. இடுப்பு 88 செ.மீ. வெறும் வயிற்றுச் சீனி 98. இரத்த அழுத்தம் 128/82. நட்ஸ் தொடங்குவதற்கு முன்பிருந்த எடையைவிடக் கொஞ்சம் குறைவு. அதுவும் தினமும் நட்ஸ் சாப்பிட்டபடியே.

இந்த இறக்கத்தைக் கச்சானின் கணக்கில் எழுதிவிட முடியாது. சீனி நாளுக்குப் பத்துக் கரண்டியிலிருந்து மூன்றுக்கு வந்தது, ஒரு ரொட்டி போனது, ரோல்ஸ் போனது, பாடசாலைக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி ஏற்றத்தில் நடக்கிறார். ஒருவரை வைத்து எல்லாருக்கும் சட்டம் போடவும் முடியாது. கச்சான் இதில் செய்த காரியம், நாலு மணிக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் இடையில் அவரைப் பசியில்லாமல் வைத்திருந்தது. அந்த இடைவெளியில் பசித்திருந்தால் மற்ற மாற்றங்கள் ஒரு மாதம்கூட நின்றிருக்காது என்பது என் அபிப்பிராயம்; அவருடைய அபிப்பிராயமும் அதுதான்.

நாளெல்லாம் மலைச்சரிவில் கொழுந்துக் கூடை சுமக்கும் ஒரு தாய் இதே கேள்வியோடு வந்தால் நான் 31 கிராம் அளந்து கொடுக்க மாட்டேன். அவருடைய உழைப்பும், அன்றைய சம்பளத்துக்கு ஏற்ற சாப்பாடும், இரும்புச்சத்துக் குறைவும் வேறு கணக்கு. அவருக்குக் கச்சான் எடைக் கட்டுப்பாட்டுப் பண்டம் அல்ல, மத்தியானத்துக்கு ரொட்டியோடு சேர வேண்டிய புரதம்.

ஆசிரியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொடர்ந்து வருகிறார். அடுத்த முறை மூன்று மாதச் சராசரிச் சீனிப் பரிசோதனையும் கொழுப்புப் பரிசோதனையும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். இலக்கு 64 கிலோ, அவசரமில்லை. மகளின் உயரத்தையும் எடையையும் அதே நாளில் அளப்போம். தங்கச்சி மறுபடி லீவில் வரும்போது என்ன கொண்டுவரச் சொல்வது என்று கேட்டிருந்தார். உப்பில்லாத, கோதோடுள்ள பிஸ்தா கிடைத்தால் கொண்டுவரட்டும், பீனட் பட்டர் வேண்டாம், வீட்டில் அரைத்தது இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.